ஸ்டிராங்க்ளர்ஸின் வெள்ளைத் தட்டு: அசலா என்று பார்ப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. 1974-இல் இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் தொடங்கிய தி ஸ்டிராங்க்ளர்ஸ் குழுவின் இசைத்தட்டுகளைச் சேர்த்து வருகிறேன். 2020-இல் டேவ் கிரீன்ஃபீல்டு மறைந்த பிறகுதான் தீவிரமாக இறங்கினேன். அவருடைய கீபோர்டு இல்லாமல் அந்தக் குழுவை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

இப்போது 1978-இன் 'பிளாக் அண்ட் ஒயிட்' ஆல்பம் கிடைத்திருக்கிறது. அதன் முதல் 75,000 பிரதிகளோடு, 'வாக் ஆன் பை' பாட்டு அடங்கிய வெள்ளை நிற 7 அங்குலத் தட்டு இலவசமாக வந்தது. என் பிரதியில் அது இல்லை. தனியாக ஒருவர் விற்கிறார், விலை அதிகம்.

அது அசல்தானா என்று எதை வைத்து உறுதி செய்வது? லேபிளைச் சுற்றிப் பொறித்திருக்கும் எண் போதுமா? அப்புறம், வைத்திருப்பவர்கள் இரண்டு பக்க லேபிளையும் படமெடுத்துப் போட முடியுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.