முதற் குமிழ் மின்னோட்டத்தைச் செலவழிக்கிறதா? பல்மானியும் இப்போது 0 காட்டுகிறது

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்

வணக்கம். தரம் 10 இல் படிக்கும் என் மகள், தொடராக இணைத்த இரண்டு ஒத்த குமிழ்களில் கலத்தின் நேர்முனைக்கு அருகிலுள்ளதே கூடுதலாக ஒளிரும் என்று தவணைப் பரீட்சையில் எழுதியிருந்தாள். விடைக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இருந்தது, காரணம் எழுதப்படவில்லை. ஆகையால் புறக்கோட்டையில் ஒரு பல்மானி வாங்கிவந்து, இரண்டு டோர்ச் குமிழ்களையும் இரண்டு 1.5 வோல்ற்று உலர்கலங்களையும் கொண்டு சாப்பாட்டு மேசையிலேயே சுற்றை அமைத்தோம். கலத்துக்கும் முதற் குமிழுக்கும் இடையில் 0.18 அம்பியர், இரு குமிழ்களுக்கும் இடையிலும் அதே 0.18. ஓட்டம் குறையவில்லையென்றால் கலம் ஏன் தீர்ந்துபோகிறது என்று மகள் கேட்கிறாள்.

பின்னர், கலத்துக்குள் எவ்வளவு ஓட்டம் இருக்கிறதென்று பார்ப்பதற்காக, அவள் மானியின் முனைகளை நேரடியாகக் கலங்களின் இரு முனைகளிலும் வைத்தாள். அதிலிருந்து ஓட்டம் 0 என்றே வருகிறது. மானியைச் சுற்றில் சேர்த்தால் குமிழ்கள் எரிவதுமில்லை.

பதில் 1: இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர், கொட்டாஞ்சேனை

சகோதரி, உங்கள் அளவீடு சரியானது. மின்னோட்டம் என்பது கம்பியின் ஓரிடத்தை ஒரு செக்கனில் கடக்கும் ஏற்றத்தின் அளவாகும். 1 அம்பியர் என்றால் செக்கனுக்கு 1 கூலோம், அதாவது ஏறத்தாழ 6.24 × 10¹⁸ இலத்திரன்கள். இந்த இலத்திரன்கள் குமிழில் அழிவதில்லை, வழியில் தேங்குவதுமில்லை. செலவாவது சக்தி. சைக்கிள் செயினின் கண்ணிகளில் ஒன்றும் குறையாமலே மிதிப்பவரின் உழைப்பு பின்சில்லைச் சேர்வதுபோல, கலத்தின் இரசாயனச் சக்தியை ஒவ்வொரு கூலோமும் 3 யூல் அளவில் பெற்று, குமிழுக்கு ஏறத்தாழ 1.5 யூலாக ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறது. அந்த இரசாயனப் பொருள்கள் தீரும்போதே கலம் தீர்கிறது.

நாம் "கரண்ட் பில்" என்று சொல்லிப் பழகியதும் இக்குழப்பத்துக்கு ஒரு காரணமென்றே நினைக்கிறேன். அந்தப் பட்டியலிலுள்ள ஓர் அலகு 1 கிலோவாற்று மணித்தியாலம், அதாவது 36 இலட்சம் யூல் சக்தி. அது அம்பியர் கணக்கன்று.

பதில் 2: மின்னிணைப்பு வேலை செய்பவர், தெமட்டகொடை

அக்கா, மானியின் உருகி எரிந்திருக்கும். ஓட்டம் அளக்கும் நிலையில் மானியின் தடை மிகச் சிறியது. அதனை நேரே கலத்தில் வைத்தால் குறுஞ்சுற்றாகிவிடும். பின்மூடியைத் திறந்து, சிறிய கண்ணாடி உருகியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளேயுள்ள கம்பி அறுந்திருந்தால், அதே அம்பியர் அளவுடையதையே மாற்றுங்கள்; கூடியதைப் போடாதீர்கள். வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ற்றுச் செருகியில் இந்தப் பரிசோதனையை ஒருபோதும் செய்ய வேண்டாம்.

கேட்டவர்:

நன்றி. கம்பி நடுவில் அறுந்து, கண்ணாடியின் உட்புறம் கறுத்திருந்தது. மகளுக்கு இன்னொரு சந்தேகம்: ஆளியைப் போட்டவுடன் குமிழ் எரிவதால், இலத்திரன்கள் மிக வேகமாக ஓடுகின்றனவா?

பதில் 1:

இல்லை. 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியில் உங்கள் 0.18 அம்பியர் பாயும்போது இலத்திரன்கள் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றர்கூட நகர்வதில்லை. ஆயினும் கம்பி முழுவதும் அவை ஏற்கெனவே நிறைந்திருப்பதாலும், அவற்றைத் தள்ளும் மின்புலம் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் பரவுவதாலும், எல்லாம் ஏறக்குறைய ஒரே கணத்தில் நகரத் தொடங்குகின்றன. மிதியை அழுத்திய கணத்தில் பின்சில்லு சுழல்வதை மகளிடம் காட்டுங்கள். செயினின் எந்தக் கண்ணியும் அதற்காக முன்னிருந்து பின்வரை ஓடிவர வேண்டியிருக்கவில்லை.