ஆக்சிஜனேற்ற எண்ணுக்கு ‘இழப்பெண்’ சரிவருமா?

வணக்கம். ஒரு சேர்மத்தில் ஓர் அணு எத்தனை எலக்ட்ரானை இழந்ததாக அல்லது பெற்றதாக வைத்துக்கொள்கிறோம் என்று காட்டுவது ‘ஆக்சிஜனேற்ற எண்’ (oxidation number). அதில் ஆக்சிஜனைத் தூக்கிவிட்டு வெறும் ‘ஏற்ற எண்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்று தேவகோட்டை ஐயா எழுதியிருந்தார். தூக்குவது சரிதான். சோடியமும் குளோரினும் சேர்ந்து உப்பாகும் வினையில் ஆக்சிஜன் மருந்துக்கும் கிடையாது, ஆனாலும் சோடியம் ஓர் எலக்ட்ரானைப் பறிகொடுத்து அதன் எண் 0-விலிருந்து +1-க்குப் போவதை ஆக்சிஜனேற்றம் என்றுதான் சொல்லித்தருகிறோம், பிள்ளைகள் முழிக்கிறார்கள். இலங்கைப் புத்தகங்களின் ‘ஒட்சியேற்ற எண்’ணிலும் இதே சிக்கல். ஆனால் ‘ஏற்ற’ மட்டும் மிஞ்சினால் இன்னும் மோசம்: எலக்ட்ரானை ஏற்றுக்கொண்டது என்று படிக்கத் தோன்றும், நடந்ததோ பறிகொடுத்தது.

இந்த எண் அளந்து பார்த்த மின்சுமை இல்லை. வேதியியல் சொற்களை வரையறுக்கும் உலக அமைப்பான ஐயூபேக்கின் (IUPAC) 2016 வரையறையும், வெவ்வேறு தனிமங்களுக்கு இடையிலான பிணைப்பை அயனிப் பிணைப்பாகவே வைத்துக்கொண்டால் அணுவுக்கு வரும் சுமை என்றுதான் சொல்கிறது. அதாவது பங்கில் இருக்கும் எலக்ட்ரான்களை மொத்தமாக, கவரும் வலு கூடிய அணுவின் பேரில் வரவு வைத்துவிடுகிறோம். பெட்டியடியில் பேரேடு எழுதிய நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் நாலு ஆக்சிஜனுக்கு −8, பொட்டாசியத்துக்கு +1, கூட்டினால் பூச்சியம் வரவேண்டும், ஆக மாங்கனீசுக்கு +7. அதற்காக மாங்கனீசு நிஜமாகவே ஏழு எலக்ட்ரானை உதறிவிட்டு நிற்கவில்லை.

‘வரவெண்’ என்று முதலில் யோசித்தேன், குறி தலைகீழாகிறது: ஆக்சிஜனுக்கு இரண்டு வரவு, எண்ணோ −2. ‘இழப்பெண்’ என்றால் குறி தானாக உட்கார்ந்துவிடும். +7 என்றால் கணக்கில் ஏழு இழப்பு, −2 என்றால் இரண்டு பெற்றது. ஓர் அணுவுக்கு இந்த எண்ணைக் கொடுப்பதற்கு ‘எண் வைத்தல்’ என்ற பெயர் போதும். ‘கணக்கிடுதல்’ வேண்டாம், ஏனென்றால் பாதி எண்கள் விதிப்படி முதலிலேயே வைப்பவை. ஆக்சிஜனுக்கு வழக்கமாக −2, பெராக்சைடில் −1, ஃபுளூரினோடு சேர்ந்த ஆக்சிஜன் டைஃபுளூரைடில் மட்டும் +2.

பின்னம்தான் இடிக்கும். ஆத்தங்குடி டைல்ஸுக்குப் போடுகிற இரும்பு ஆக்சைடில் சிவப்பு, மஞ்சள் இரண்டிலும் இரும்பு +3 தான், கறுப்பில் 8/3 வரும். எட்டில் மூன்றையா இழந்தது என்று எவனாவது கேட்பான் (அதுவும் தலைகீழாகத்தான் கேட்பான்). மூன்று இரும்பில் இரண்டு +3, ஒன்று +2. எனவே அங்கே ‘சராசரி இழப்பெண்’ என்றே எழுதவேண்டும்.

அப்புறம், ஒன்று எலக்ட்ரானை இழக்க இன்னொன்று ஏற்கிற ரெடாக்ஸ் (redox) வினைக்கு இதே வழியில் ‘இழப்பேற்பு வினை’ என்று போகலாமா? எலக்ட்ரானைப் பெறுவதற்கு இப்போது சொல்லும் ‘ஒடுக்கம்’ (reduction) போய் ‘ஏற்பு’ வந்துவிடும். பள்ளியில் ‘ஏற்றம்’ படித்த பிள்ளைக்கு ‘ஏற்பு’ குழப்புமோ என்பதுதான் என் தயக்கம், பாடம் எடுப்பவர்கள் சொல்லுங்கள்.