மறு: நன்னீர் மீன் ஒட்டுண்ணியின் மூன்று நிலைகளுக்குப் பெயர்

வணக்கம்.

> 'வெண்புள்ளி நோய்' என்ற பெயர் இருக்கிறதே, போதாதா?

போதாது. இறால் வளர்ப்பவர்கள் அதை ஒரு வைரஸ் நோய்க்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நாம் பேசும் இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ் ஒரு ஒற்றைச்செல் உயிர். அந்தக் கிரேக்கப் பெயரை அப்படியே 'மீன்பேன்' ஆக்கலாம் என்றால், அது ஆர்குலஸ் என்ற ஓட்டுடலிக்கு (நண்டு, இறால் வகை உயிர்) போய்விட்டது. 'நன்னீர் வெண்புள்ளி' என்று வைத்துக்கொள்வோம். இதில் நான் மல்லுக்கு நிற்கவில்லை.

மீனின் தோலுக்குள் தின்னும் ட்ரோஃபான்ட், உறைக்குள் பிளக்கும் டோமான்ட், மீனைத் தேடி நீந்தும் தெரான்ட் ஆகிய மூன்று நிலைகளின் பெயரில்தான் எனக்குப் பிடிவாதம். ஒருமுறை என் தொட்டி மீன்களின் வாலில் பொடியுப்பைத் தூவினாற்போல் புள்ளிகள். மருந்து ஊற்றினேன். மூன்றாம் நாள் ஒரு புள்ளிகூட இல்லை. பலித்துவிட்டது என்று நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் மீன்கள் செவுளை விரித்துக்கொண்டு நீர்மட்டத்தில் மூச்சுக்குத் தவித்தன.

நடந்தது இதுதான். புறத்தோலுக்கு அடியில் இருந்து தின்று கொழுத்தவை இறங்கி, தொட்டியின் அடியில் ஒட்டி, உறை கட்டிக்கொண்டு பிளக்கத் தொடங்கியிருந்தன. ஒன்று நூற்றுக்கணக்காகும். வெளியே வரும் குஞ்சுகள் ஏறக்குறைய 2 நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையேல் சாவு. மருந்து பிடிப்பது நீரில் நீந்தும் இவற்றைத்தான். தோலுக்குள் இருப்பதையோ உறைக்குள் இருப்பதையோ அது பெரும்பாலும் தொடாது. 25 டிகிரி நீரில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும், குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும். பெயரைக் கேட்டதுமே எந்த நிலை என்று தெரிந்திருந்தால் நான் அவ்வளவு சீக்கிரம் நிறுத்தியிருக்க மாட்டேன்.

> உண்ணி, பகுயிர், வேட்டுயிர்

அந்த மூன்று நிலைகளுக்கும் முன்வைத்த இந்தப் பெயர்களின் பொருள் சரி. மூலச் சொற்களும் உண்ணுதல், வெட்டுதல், வேட்டையாடுதல்தான். ஆனால் 'உண்ணி' என்றால் மாட்டின் காதில் தொங்குவதுதான் கண்ணுக்கு வரும். 'வேட்டுயிர்' காதில் வெடியாக விழுகிறது. 'பகு' முற்றியலுகரம், முறைப்படி 'பகுவுயிர்' என்று எழுத வேண்டும், நாக்கு புரளாது.

'உயிர்' என்ற சொல்லை விட்டுவிட்டுப் 'பருவம்' என்பதைப் பிடித்தால் என்ன? உண்பருவம், பகுபருவம், தேடுபருவம். மூன்றும் வினைத்தொகை, புணர்ச்சித் தொல்லை இல்லை. "தேடுபருவத்தில் மருந்து போடு" என்றால் விளக்கமே வேண்டாம். நுண்ணோக்கியில் குதிரை லாடம் போன்ற உட்கருவோடு மெல்ல உருள்கிறதா, அது உண்பருவம். அதையே 'உண்பருவ உயிரி' என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் மிச்சம். மீனை விட்டு இறங்கியதும், உறை கட்டுமுன், கொஞ்ச நேரம் அது நீந்தித் திரியும். 'முன்பகுபருவம்' என்றால் வாய் நிறைந்துவிடுகிறது. 'இறங்குபருவம்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்குப் பிடித்திருக்கிறது. மற்றவர்கள் சொல்லுங்கள்.