கொழும்பு – ரொறன்ரோ: ரிக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

வெள்ளவத்தைக்காரி:
யூலையில் அம்மா ரொறன்ரோவில் இருக்கிற அண்ணாவிடம் போகிறா. வயது 72, முழங்கால் வருத்தம், சீனி வருத்தமும் இருக்கிறது. துணைக்கு ஆள் இல்லை. ஏஜென்ட் தந்த தாளில் கட்டுநாயக்க இரவு 9.50, டுபாய் 12.50; டுபாய் அதிகாலை 3.30, ரொறன்ரோ காலை 9.30 என்று போட்டிருக்கிறது. அதை வாசித்துவிட்டு, "மூன்றும் ஆறும் ஒன்பது, யாழ்ப்பாண பஸ்ஸில் இருக்கிற நேரம்தானே" என்று அம்மா சந்தோஷமாக இருக்கிறா. உண்மையில் எவ்வளவு நேரம்? லண்டன் வழியாகவும் ஒரு ரிக்கெட் இருக்கிறது, விலை கொஞ்சம் கூட. எது தூரம் குறைவு?

கொட்டாஞ்சேனை அண்ணா:
தங்கச்சி, தாளில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். டுபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால், ஆகவே முதல் பறப்பு நாலரை. ரொறன்ரோ யூலையில் டுபாய்க்கு எட்டு மணித்தியாலம் பின்னால், அப்போ அந்த ஆறு உண்மையில் பதினாலு. நடுவில் காத்திருக்கிற 2.40ஐயும் சேர்த்தால் மொத்தம் 21 மணித்தியாலம் 10 நிமிடம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கோ.

தூரத்தைப் பார்த்து ரிக்கெட் எடுக்க வேண்டாம். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 14,000 கி.மீ. உலக உருண்டையில் ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தால் அது இந்தியாவுக்கு மேலால் வடக்கே ஏறி, ஆர்க்டிக் பக்கமாகப் போய் இறங்கும். ஆனால் நேரடி விமானம் இல்லையே. டுபாய் வழி 3,300 + 11,100, லண்டன் வழி 8,700 + 5,700. இரண்டும் 14,400 தான்! வித்தியாசம் எங்கே இறங்கிக் கால் நீட்டலாம் என்பதில்தான். முழங்கால் வருத்தத்தோடு ஒரே இருப்பில் பதினாலு மணித்தியாலம் பெரிய பாடு. லண்டன் வழியில் பதினொன்று, பிறகு எட்டு. நானென்றால் காசு கூடப் போனாலும் அதைத்தான் எடுப்பேன், அங்கே காத்திருப்பு நாலு மணித்தியாலத்துக்குள் இருந்தால்.

ஸ்காபரோ மருமகள்:
அண்ணா சொன்னது சரி. திரும்பி வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பறக்கிற நேரம் கொஞ்சம் குறையும். நவம்பருக்குப் பிறகு வருவதென்றால் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே வைத்துவிடுவார்கள், கொழும்போடு வித்தியாசம் ஒன்பதரை இல்லை, பத்தரை. நம்மட ஊரில் 1996இல் நேரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில் பழையபடி ஆக்கியதோடு சரி, அதற்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை.

வீல்செயாரை ரிக்கெட் எடுக்கும்போதே பதியச் சொல்லுங்கோ, அதற்குத் தனிக் காசு இல்லை. நடைபாதைப் பக்கத்துக் கதிரையும் கேளுங்கோ. இன்சுலின் போடுகிறவ என்றால் மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து பழுதாகலாம்.

வெள்ளவத்தைக்காரி:
இரண்டு பேருக்கும் நன்றி. லண்டன் ரிக்கெட்டில் காத்திருப்பு மூன்றரை மணித்தியாலம், அதையே போடச் சொல்லிவிட்டேன். இன்சுலின் போடுகிறவதான். டொக்டரிடம் கடிதம் ஒன்றும் எடுத்து வைக்கிறேன். ஊசி நேரத்தை எந்த ஊர் மணிக்கூட்டுப்படி போடுவது என்றும் அவரிடமே கேட்க வேண்டும்.