லெனேசியா குளிரில் துப்பாக்கிக் குண்டின் காடியில் (சுற்றுப்பள்ளத்தில்) மசகு ஏறவில்லை, என்ன செய்யலாம்?

லெனேசியாக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். போன டிசம்பரில்தான் டர்பன் சாட்ஸ்வொர்த்தை விட்டு ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுக்குக் குடிவந்தோம். அச்சு, உருக்கும் சட்டி, குண்டை அளவுக்கு இறக்கி மசகு ஏற்றும் லைமன் 450 மெஷின் எல்லாம் கூடவே வந்துவிட்டன. உரிமம் பெற்ற .38 ஸ்பெஷல் ரிவால்வருக்கு 158 கிரெய்ன் எடையுள்ள தட்டை மூக்குக் குண்டு வார்த்து, 0.358 அங்குல டையில் (அளவுத் துளையில்) அழுத்தி இறக்குகிறேன். காரீயம் டயர் கடையில் வாங்கிய பழைய சக்கர எடைக்கட்டி. மசகு நானே காய்ச்சியது: தேன்மெழுகும் வாஸலினும், மெழுகு கொஞ்சம் தூக்கலாக.

டர்பனில் இதே மசகு, இதே டை, ஒரு குறையும் கிடையாது. இந்த ஜூலையில் கேரேஜில் உட்கார்ந்தால் ஒரே தொல்லை. காடியின் ஒரு பக்கம் நிறைகிறது, மறுபக்கம் வெறும் காரீயம் தெரிகிறது. மசகைத் தள்ளும் ராட்செட்டை இன்னும் இறுக்கினால் காடிக்குப் போகாமல் குண்டின் அடியில் போய்ப் படிகிறது. சில குண்டுகளில் காரீயம் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய இழையாகச் சீவிக்கொண்டு வருகிறது. சுட்டுவிட்டுக் குழலைத் துடைத்தால் வாய்ப்பக்கம் காரீயம் அப்பியிருக்கிறது.

மெழுகைக் குறைக்கவா, கடை மசகுக் குச்சியே வாங்கிவிடவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க் ஃபிட்டர்:

தம்பி, அவசரப்பட்டு மசகை மாற்றாதீர்கள். டர்பனில் நன்றாக ஓடிய மசகு லெனேசியாவுக்கு வந்ததும் கெட்டுப்போகாது. மாறியது சூடு. ஜூலை காலையில் உங்கள் ஊரில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்கும். ராத்திரி முழுக்க கேரேஜில் கிடந்த வார்ப்பிரும்பு மெஷின், வெயில் ஏறின பிறகும் வெகுநேரம் சில்லென்றுதான் இருக்கும். அதற்குள் இருக்கும் தேன்மெழுகு எப்படி நகரும்?

ஒரு பக்கம் மட்டும் நிறைகிறது என்றீர்களே, அதுவே போதும். மசகு தொட்டியிலிருந்து வந்து, டையைச் சுற்றியுள்ள பள்ளத்தில் வளையமாக ஓடி, அப்புறம்தான் துளைகள் வழியாக உள்ளே நுழைய வேண்டும். கெட்டியாக இருந்தால் தொட்டிக்குப் பக்கத்துத் துளைகளோடு நின்றுவிடும். குண்டை எடுக்கும்போது எந்தப் பக்கம் தொட்டியைப் பார்த்து இருந்தது என்று மார்க்கரால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். வெறுமையாக இருப்பது எதிர்ப்பக்கம்தான் என்றால் சந்தேகமே வேண்டாம்.

60 வாட் பழைய இழை பல்பு ஒன்றை மேஜை விளக்கில் மாட்டி, மெஷின் உடம்புக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் வையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. கையை வைத்தால் இதமான சூடு தெரிய வேண்டும், 40 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். தேன்மெழுகு 62, 63 டிகிரியில் உருகும். அந்தப் பக்கமே போகாதீர்கள், மசகு கசிந்து பெஞ்செல்லாம் வழியும்.

அடுத்து, அடியில் மசகு படிவது. குளிர்ந்த மசகை இறுக்கி இறுக்கித் தள்ளுவதால் அழுத்தம் உள்ளேயே தேங்கி நிற்கிறது. குண்டு மேலே எழும்பும் நேரத்தில் அதன் அடிக்கும் கீழிருந்து அதைத் தூக்கும் உள் தண்டுக்கும் நடுவே புகுந்துவிடுகிறது. சூடு வந்த பிறகு ராட்செட்டைக் கால் திருப்பு தளர்த்துங்கள். காடி குறைகிறதே என்று தெரிந்தால் மட்டும் மறுபடி கொஞ்சம் இறுக்கினால் போதும். அப்படியும் அடியில் படிந்த குண்டை ஒரு துணியில் அழுத்தித் திருகித் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். மசகு வெடிமருந்தில் ஒட்டக் கூடாது.

ஒரு பக்கம் சீவுவதை மட்டும் குளிர் மேல் போட முடியாது. இதைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். இறக்கிய குண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். டையில் உரசிய பட்டை சுற்றிலும் ஒரே அகலத்தில் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். ஒரு பக்கம் அகலமாக மின்னி, எதிர்ப்பக்கம் வார்த்த மங்கல் அப்படியே இருந்தால் குண்டு சாய்ந்து இறங்கியிருக்கிறது. சாய்ந்து இறங்கினால் ஒரு பக்கக் காடி ஆழம் குறைந்து, மசகு கொள்ளவும் இடம் இருக்காது. காரணம் பெரும்பாலும் டாப் பஞ்ச், அதாவது குண்டின் மூக்கை மேலிருந்து அழுத்தும் தண்டு. உங்கள் குண்டு தட்டை மூக்கு. பஞ்சின் குழி உருண்டை மூக்குக்கு வெட்டியதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால், மூக்கில் லேசாக கிரீஸ் தடவி, பஞ்சின் குழியில் எபாக்சி பசை நிரப்பி, குண்டை நேராக அழுத்தி ஒரு நாள் விட்டுவிடுங்கள். உங்கள் அச்சுக்கென்றே பஞ்ச் கிடைத்த மாதிரி.

அச்சிலிருந்து விழும் குண்டை மைக்ரோமீட்டரால் அளந்தீர்களா? 0.358-க்கு இறக்க 0.360 வந்தால் அழகு. அதற்கு மேல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சீவும்.

டோங்காட் ரிவால்வர்:

அண்ணா சொல்வது சரிதான், ஆனால் இவ்வளவு பாடு எதற்கு? நான் லீ கம்பெனியின் தள்ளு டைக்கு மாறிவிட்டேன். திரவ அலாக்ஸ் என்ற மசகு சில சொட்டு விட்டு டப்பாவில் குண்டுகளை உருட்டி, மெழுகுத் தாளில் காயவைத்து, டையில் தள்ளி, மறுபடி ஒருமுறை மெல்லிசாக உருட்டினால் முடிந்தது. பல்பும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம். லெனேசியாக்காரரே, யோசித்துப் பாருங்கள்.

மாரிட்ஸ்பர்க் ஃபிட்டர்:

நல்ல வழிதான் தம்பி, வேகம் குறைந்த .38-க்கு தாராளமாகப் போதும். ஆனால் அலாக்ஸ் கொஞ்சம் கூடினாலும் பிசுபிசுவென்று கையில் ஒட்டும், குளிரில் காயவும் நாளாகும். சுட்டால் புகையும் அதிகம். லெனேசியாத் தம்பியிடம் நல்ல மெஷின் இருக்கிறது, அவருக்கு வாய்ப்பக்கம்தான் காரீயம் அப்புகிறது. வாய்ப்பக்கம் அப்பினால் பெரும்பாலும் மசகு பாதி வழியில் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஆழமான காடி முழுக்க மசகு ஏறிவிட்டால் அவர் குறை தீர்ந்துவிடும். குழலின் தொடக்கத்திலேயே அப்பியிருந்தால் முதலில் அளவைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

லெனேசியாக்காரன்:

ஐயா, சனிக்கிழமை பல்பு வைத்துப் பார்த்தேன். காடி சுற்றிலும் நிறைந்தது, ராட்செட்டைத் தொடும் வேலையே குறைந்துவிட்டது. மார்க்கர் கோடும் நீங்கள் சொன்னபடியே காட்டியது. மெஷினோடு வந்த பஞ்ச் உருண்டை மூக்குக்கானது, இப்போது எபாக்சி காய்ந்துகொண்டிருக்கிறது. அச்சுக் குண்டு 0.360 வருகிறது.

இரண்டு சந்தேகம். சில குண்டுகளில் காடிக்கு மேலே, மூக்குப் பக்கமும் மசகு ஏறுகிறது. அப்புறம், லோட்ஷெடிங் வந்து கரண்ட் போய்விட்டால் பல்புக்கு என்ன செய்வது?

மாரிட்ஸ்பர்க் ஃபிட்டர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. மூக்கில் ஏறுவது ஆழக் கணக்கு. குண்டு டைக்குள் அதிகம் இறங்கி, துளைகள் காடியைத் தாண்டி முன்பட்டைக்கு மேலே போய்விடுகின்றன. கீழே உள்ள ஆழ ஸ்குரூவை ஏற்றி, காடியும் துளையும் நேருக்கு நேர் நிற்குமாறு வையுங்கள். டையில் துளைகள் இரண்டு மூன்று வரிசையாக இருந்து, உங்கள் குண்டில் காடி ஒன்றே ஒன்று என்றால், வேண்டாத துளைகளைச் சின்ன ஈயச் சிதறல் குண்டுகளால் அடைத்துவிடலாம்.

கரண்ட் போனால் கேஸ் அடுப்பில் காய்ச்சிய வெந்நீரை ரப்பர் பையில் ஊற்றி, துண்டில் சுற்றி மெஷின்மேல் சாத்துங்கள். அதுவும் முடியாவிட்டால், குளிர்காலத்துக்கென்று மசகில் ஒரு சட்டிக்கு லனோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) கொஞ்சம் சேர்த்துக் காய்ச்சலாம், இளகும். வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்துத்தான் காய்ச்ச வேண்டும். நேரடித் தீயில் மெழுகு பற்றிக்கொள்ளும். நேரம் கிடைத்தால் புது மசகைத் தொட்டியில் ஊற்றி, ஆறினபின் நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆறும்போது மெழுகு சுருங்கும், அந்தக் காற்றுக்குழியும் காடியைப் பட்டினி போடும்.

கேரேஜ் கதவைத் திறந்து வைத்தே காரீயம் உருக்குங்கள். பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். சாப்பாட்டில் கை வைக்குமுன் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், காரீயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பஞ்ச் காய்ந்ததும் ஒரு குண்டை இறக்கி, அந்த மின்னும் பட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.