சோர் பஜாரில் கிடைத்த தமிழ்த் தவலை: வயது என்ன, துலக்கலாமா?

மாட்டுங்கா வாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் மும்பைக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. கடந்த நான்கு ஆண்டுகளாகப் பழைய வீட்டுச் சாமான்களைச் சேர்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது. திருகுமூடி போட்ட இரண்டு கூஜாக்கள், ஒரு வெண்கல உருளி, ஒரு பாக்குவெட்டி, மூடியில்லாத ஓர் அஞ்சறைப் பெட்டி, இவ்வளவுதான் இதுவரை என் சொத்து.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டில், கப்பல் விளக்குகளுக்கும் ஓடாத சுவர்க் கடிகாரங்களுக்கும் நடுவே, மழைக் குடைகளைச் செருகி வைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்த ஒரு பித்தளைத் தவலையைப் பார்த்தேன். குடைகளை விலக்கியபோது கழுத்துப் பகுதியில் தமிழ் எழுத்துகள் தெரிந்தன. கடைக்காரர் அவற்றைப் பூவேலை என்றே எண்ணியிருந்தார். ஐந்தரைக் கிலோ நின்றது. 4,200 ரூபாய்க்குக் கொடுத்தார். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு நிலையத்திலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிர் இருக்கையில் இருந்தவர், மாட்டுங்காவில் தண்ணீர் வரவில்லையா என்று அக்கறையோடு விசாரித்தார்.

எழுத்துகளில் 'பார்த்திப' என்றும் 'தை' என்றும் 'மீனாட்சி' என்றும் தெளிவாக இருக்கின்றன. முதல் இரண்டு சொற்களுக்குப் பின்னால் சுழித்த குறிகள் இருக்கின்றன. அவை என்னவென்று விளங்கவில்லை. மீனாட்சியில் உள்ள 'னா', இப்போது நாம் எழுதுவதுபோலத் துணைக்கால் தனியே நிற்காமல், ஒரே எழுத்தாகச் சுழிந்திருக்கிறது. பெயரை அடுத்து இன்னும் ஏதோ வெட்டப்பட்டிருந்தாலும், கறுப்பேறிக் கிடப்பதால் படிக்க முடியவில்லை.

இதன் வயதை எப்படிக் கணிப்பது? துலக்கலாமா, கூடாதா? புழங்கலாமா? நான்காவது கேள்வி என் மனைவியுடையது: இந்த ஓட்டை உடைசலில் அப்படி என்ன சுகம் கண்டீர்கள்? அதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை.

கோலமாவு (செம்பூர்):

தம்பி, அந்தச் சுழித்த குறிகள் ௵, ௴ என்பவையாக இருக்கும். முதலாவது வருடத்தையும் இரண்டாவது மாதத்தையும் குறிக்கும். எங்கள் தாத்தா கடிதம் எழுதினாலும் கணக்கு எழுதினாலும் இவை இல்லாமல் தொடங்க மாட்டார். ஆக, உங்கள் தவலையில் இருப்பது பார்த்திப வருடம், தை மாதம்.

தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருபவை என்பதால், பார்த்திப வருடத்துத் தை என்பது 1886 அல்லது 1946 அல்லது 2006ஆம் ஆண்டின் ஜனவரி, பிப்ரவரியாக இருக்கலாம். நீங்கள் கவனித்த 'னா' இங்கேதான் கைகொடுக்கிறது. ணா, றா, னா ஆகியவற்றையும், துதிக்கைபோல் மேலே வளைந்த கொம்போடு எழுதப்பட்ட ணை, லை, ளை, னை ஆகியவற்றையும் இன்றைய வடிவத்துக்குத் தமிழக அரசு மாற்றியது 1978இல். அதற்குப் பிறகும் பழகிய கை பழையபடியே எழுதியதுண்டு என்றாலும், 2006இல் ஒரு பாத்திரக்கடைக்காரர் அப்படி வெட்டியிருப்பார் என்று நான் நம்பவில்லை. எஞ்சிய இரண்டில், படத்தைப் பார்க்காமலேயே 1946 என்றுதான் சாய்வேன். பழைய ஆட்கள் பெரும்பாலும் 'மீனாக்ஷி' என்று வெட்டுவார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவும் மறந்துவிடுவார்கள். உங்களுடையதில் 'ட்' புள்ளியோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

தை மாதம் என்பதால் கல்யாணச் சீராக வந்த தவலையாக இருக்கும். பெயர் வெட்டியது பெருமைக்கு மட்டுமல்ல. ஊரில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு நாலு வீட்டுப் பாத்திரங்கள் போகும், திரும்பும்போது எது யாருடையது என்ற வழக்கு வராமலிருக்க அந்தப் பெயர்தான் சாட்சி. படிக்க முடியாத பகுதியைத் தேய்க்காதீர்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். அப்படியும் தெரியாவிட்டால், உலர்ந்த அரிசிமாவைத் தடவி மேலாகத் துடைத்துவிடுங்கள். வெட்டிய பள்ளத்தில் மாவு நின்றுகொள்ளும்.

உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது. 1974இல் என் அம்மா இரண்டு தவலைகளையும் ஓர் அண்டாவையும் பாத்திரக்கடையில் போட்டுவிட்டு எவர்சில்வர் குடங்கள் வாங்கி வந்தார். கடைக்காரர் எடையில் ஏமாற்றினார் என்று அப்பா பல ஆண்டுகள் முணுமுணுத்தார். அம்மாவுக்கு அதில் கடுகளவும் வருத்தமில்லை. புளி போட்டுத் துலக்கும் வேலை தொலைந்ததே என்ற நிம்மதிதான். எனக்குத்தான் இன்றுவரை வருத்தம், ஏனென்றால் துலக்கியவள் நான் இல்லை.

வெள்ளிக்கிழமை வேட்டை (சயான்):

கோலமாவு அம்மா சொன்னதற்குமேல் வயதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. துலக்குவதைப் பற்றி மட்டும் அடித்துச் சொல்வேன்: எக்காரணம் கொண்டும் பாலிஷ் கடையில் கொடுத்துச் சக்கரத்தில் தேய்க்கவிடாதீர்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெற்றிலைப் பெட்டியை அப்படிக் கொடுத்தேன். மூடியில் இருந்த பெயரும் ஊரும் கண்ணாடிபோல வழுவழுப்பாகித் திரும்பி வந்தன. 'புதுசு மாதிரி ஆக்கிவிட்டேன் பாருங்கள்' என்று அவர் பெருமையோடு கூடுதலாக நூறு ரூபாய் கேட்டார். கொடுத்தேன், வேறென்ன செய்வது?

புளியும் உப்பும் போதும். அதுவும் எழுத்துள்ள பகுதியில் விரலால் மட்டும் தடவி உடனே கழுவித் துடைத்துவிடுங்கள். புளியின் அமிலம் கறுப்பைக் கரைக்கும். அதிக நேரம் ஊறினால் உலோகத்தையும் அரிக்கும். நம் ஊர்க் கடற்காற்றில் உப்பு கலந்திருப்பதால், ஈரம் நின்ற இடத்தில் பச்சைக் களிம்பு வேகமாகப் பூக்கும். தேங்காய் எண்ணெய் பூசினால் தூசியும் களிம்பும்தான் சேரும். தேன்மெழுகை மிக மெல்லியதாகத் தடவலாம்.

புழங்குவதாக இருந்தால் ஈயம் பூசியே ஆக வேண்டும். பாத்திரத்தின் உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கரி நெருப்பில் சூடேற்றி, நவச்சாரத் தூளைத் தூவி, வெள்ளீயக் குச்சியைத் தொட்டுத் தொட்டுப் பஞ்சால் ஒரே இழுப்பில் பரப்புவார்கள். குப்பென்று வெள்ளைப் புகை எழும். அடுத்த கணம் உள்ளே நிலா உதித்தாற்போல இருக்கும். பைதோனி பக்கம் தாம்பாகாட்டா பாத்திரக் கடைகளில் விசாரித்தால் பூசுபவரைக் காட்டுவார்கள். வெள்ளீயம்தானா, காரீயம் கலந்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், காரீயம் நஞ்சு. தவலையில் பழைய பற்றவைப்பு ஏதேனும் இருந்தால், அதிலும் காரீயம் இருக்கக்கூடும் என்பதால் குடிக்கும் பண்டம் எதையும் ஊற்ற வேண்டாம்.

சோர் பஜாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரைச்சல் என்ற பொருளுள்ள 'ஷோர்' என்பதே, திருடன் என்ற பொருளுள்ள 'சோர்' ஆனதாகச் சொல்வார்கள். மட்டன் ஸ்ட்ரீட் கடைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆனால் அன்று விடியுமுன்பே சுற்றியுள்ள சந்துகளில் தரையில் துணி விரித்துப் பழைய சாமான் சந்தை கூடும். என் வேட்டை அங்கேதான். பளபளக்கும் பித்தளைக் குழல் வைத்த கிராமபோன் கண்ணில் பட்டால் நகர்ந்துவிடுங்கள், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை கைப்பெட்டி கிராமபோனின் இயந்திரத்தைப் புதுப் பெட்டியில் பொருத்தி, ஹெச்.எம்.வி. நாய்ப் படம் ஒட்டியவை. கப்பல் திசைகாட்டிகளும் அப்படியே. தந்தப்பிடி போட்ட பொருள் எதையும் தொடாதீர்கள். இந்திய யானைத் தந்த வணிகம் 1986இலும், ஆப்பிரிக்கத் தந்த வணிகம் 1991இலும் தடை செய்யப்பட்டுவிட்டன. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிலை, ஓவியம் போன்ற சில வகைகளைப் பதிவும் செய்தாக வேண்டும். தவலைக்கு அந்தத் தொல்லை இல்லை என்றாலும், அமெரிக்காவில் இருக்கும் மைத்துனருக்குப் பரிசளிக்க நினைத்தால் முதலில் 1886ஆ, 1946ஆ என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்றரை அறை (டோம்பிவ்லி):

எல்லோரும் ஒத்து ஊதுவதால் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். மும்பை வீட்டில் சேகரிப்பு என்பது ஆளுக்கும் அண்டாவுக்கும் நடக்கும் இடப் போட்டி. என் வீட்டில் ஒரு காலத்தில் பதினோரு குத்துவிளக்குகள் இருந்தன, ஏற்றியது ஒன்றைத்தான். மற்றவற்றைக் கட்டிலுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்ததற்குச் சேகரிப்பு என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன். சேர்ப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொள்பவர்கள் வேறு இனம். புணேயில் உள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள்: விளக்கு, பாக்குவெட்டி, பாத்திரம் என்று வீட்டுப் பொருள்களாகவே ஒரு மனிதர் ஆயிரக்கணக்கில் திரட்டி, சிறுவயதில் இறந்துபோன தம் மகன் ராஜாவின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார். அங்கே பாக்குவெட்டிகளின் முன்னால் நின்றபோதுதான், என் கட்டிலடி விளக்குகளை உறவினர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

இப்போது என்னிடம் மூன்றே பொருள்கள், மூன்றும் தினமும் அடுப்பில் ஏறுபவை. அவற்றில் ஒன்று பாட்டியின் ஈயச் சொம்பு (வெள்ளீயத்தால் ஆனது). பக்கத்தில் ஒரு நசுங்கல் இருக்கிறது. ரசத்தை இறக்கும்போது என் கட்டைவிரல் தானாக அங்கே போய் அமர்கிறது. பாட்டியின் விரலும் அங்கேதான் அமர்ந்திருக்கும். உங்கள் மனைவிக்குச் சொல்ல என்னிடம் இருப்பது அதுதான். இதற்கு முந்திய சொம்பை நானே கொன்றேன்: புளித்தண்ணீர் ஊற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது, வெறும் சொம்பு அடுப்பில் இருந்தது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். திரும்பி வந்தபோது அடுப்பின்மேல் வெள்ளிக் குட்டைபோலப் பரவிக் கிடந்தது.

மாட்டுங்கா வாசி:

அனைவருக்கும் நன்றி. மீனாட்சியில் உள்ள 'ட்' புள்ளியோடுதான் இருக்கிறது. எனவே கோலமாவு அம்மா சொன்னபடி 1946 என்றே கொள்கிறேன். நேற்றிரவு டார்ச்சும் அரிசிமாவுமாக உட்கார்ந்தேன். இதை ஏளனம் செய்துகொண்டிருந்த என் மனைவியே கடைசியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். முதலில் படித்ததும் அவர்தான். மீனாட்சிக்கு அடுத்து இருப்பது 'உபயம்'. அதன் பிறகு ஒரு நசுங்கல், அதோடு எழுத்து முடிந்துவிடுகிறது.

ஆக இது கல்யாணச் சீர் அல்ல. யாரோ ஒரு மீனாட்சி ஏதோ ஒரு கோயிலுக்கோ சத்திரத்துக்கோ பஜனை மடத்துக்கோ கொடுத்தது. எந்த ஊர் என்று தெரிந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம் என்று கூடப் பேசிக்கொண்டோம். தெரியாத நிலையில், பொதுவுக்கென்று கொடுக்கப்பட்டதை எங்கள் வரவேற்பறையில் வைத்துக்கொள்வது இருவருக்கும் உறுத்தலாக இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் ராமநவமிக்கு நீர்மோரும் பானகமும் கொடுப்பது வழக்கம். இதுவரை பிளாஸ்டிக் டிரம்மில்தான் கலந்தோம். இந்த முறை தவலை போகட்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். மோரும் எலுமிச்சையும் புளிப்பு என்பதால் ஈயம் பூசாமல் முடியாது. பற்றவைப்பு எதுவும் கண்ணில் படவில்லை. வேட்டை அண்ணா, கரி நெருப்பில் வைக்கும்போது வெளியே உள்ள எழுத்துகளுக்குச் சேதம் வருமா?

வெள்ளிக்கிழமை வேட்டை (சயான்):

சூட்டினால் வராது. வெளிப்பக்கம் கரியேறிக் கறுத்துவிடும், பயப்படாதீர்கள். ஆபத்து அதற்குப் பிறகுதான்: வாடிக்கையாளர் மகிழ்வாரே என்று அவராகவே வெளிப்பக்கத்தையும் மணல் போட்டுத் தேய்த்துத் தருவார். கழுத்தைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிக் கொடுத்து, 'உள்ளே மட்டும்' என்று இந்தியில் இருமுறை சொல்லிவிட்டு, வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.