மூன்று மா ஒரு ஏக்கர்: குழு அசைன்மென்ட் அனுபவங்கள்

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து:

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம், டேட்டாபேஸ் பாடத்துக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு மினி பிராஜெக்ட் செய்ய வேண்டும். மற்றக் குழுக்கள் நூலகம், மருத்துவமனை என்று எடுத்தார்கள். நாங்கள் நெல் கொள்முதல் நிலையத்தை எடுத்தோம். அப்பாவோடு நெல் குவியலுக்குக் காவல் படுத்திருக்கிறேன். சிட்டா, அடங்கல் என்கிற நிலப் பதிவேடுகள், நெல்லின் ஈரப்பதம், சிப்பம் (நாற்பது கிலோ மூட்டை) எல்லாம் எனக்குப் பழக்கம்தான்.

விவசாயி பதிவு எனக்கு, எடைப் பதிவு ஒரு தோழிக்கு, அறிக்கைப் பக்கம் இன்னொருத்திக்கு என்று பிரித்துக்கொண்டோம். நாலாமவனிடம் ஆவணம் எழுதும் வேலையைக் கொடுத்தோம். மூன்று வாரம் அவரவர் வீட்டில், அவரவர் கம்ப்யூட்டரில் வேலை. ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின ராத்திரிதான் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தோம். டேபிளில் நான் 'விவசாயி எண்' என்று வைத்த காலத்துக்குத் (column) தோழி வேறு பெயர் வைத்திருந்தாள். அதையெல்லாம் சரிசெய்து முடிக்க விடியற்காலை மூன்று மணி. ஓட்டிப் பார்த்தோம், ஒரு எரர்கூட வரவில்லை. நிம்மதியாகத் தூங்கினோம்.

ரிவ்யூவில் மேடம் அறிக்கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "என்னப்பா, ஏக்கருக்கு இருபது சிப்பம்தான் விளைஞ்சுதா?" அவர்கள் வீட்டிலும் விவசாயம். நான் எங்கள் ஊர் வழக்கப்படி பரப்பை மா கணக்கில் பதிந்திருந்தேன். ஆறு மா என்றால் எங்களுக்கு இரண்டு ஏக்கர். அறிக்கை எழுதியவள் அந்த ஆறை ஏக்கர் என்று எடுத்து 120 சிப்பத்தை வகுத்திருக்கிறாள். அறுபது வர வேண்டிய இடத்தில் இருபது. எடையிலும் இதே கதை: ஓர் இடத்தில் கிலோ, இன்னோர் இடத்தில் குவிண்டால். கம்ப்யூட்டருக்கு எல்லாமே வெறும் எண்தான், அது எப்படி எரர் காட்டும்?

இரண்டாவது ரிவ்யூவுக்கு முன் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினோம். ஒவ்வொரு காலத்துக்கும் பெயர், வகை, அலகு. பரப்பு ஏக்கரில் மட்டும், எடை கிலோவில் மட்டும். சிப்பம் வேண்டுமென்றால் அறிக்கைப் பக்கம் நாற்பதால் வகுத்துக்கொள்ளட்டும். எழுதி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது.

அந்த நாலாமவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது சம்பா நடவு நேரம், அவன் பாதி நாள் கல்லூரிக்கே வரவில்லை. பெயரை எடுத்துவிடலாம் என்றுகூடப் பேசினோம். அப்புறம் போன் செய்து கேட்டால், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் வயலை அவன்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். எங்களுக்கு வெட்கமாகப் போனது. டெஸ்ட் டேட்டா எழுதித் தரச் சொன்னோம், அது போனிலேயே செய்யக்கூடிய வேலை. அவன் அனுப்பியதில் ஒரு வரி ஈரப்பதம் 17.4. கொள்முதலுக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம், ஆனால் எங்கள் புரோகிராம் அதை ஏற்றுக்கொண்டது. ஈரப்பதக் காலத்தை இன்டீஜர் (முழு எண்) என்று வைத்திருந்தோம், 17.4 உள்ளே போகும்போதே 17 ஆகிவிட்டது. டெசிமல் என்று மாற்றினோம். வைவாவில் இதைப் பற்றிக் கேட்டபோது அவன்தான் பதில் சொன்னான், அதுவும் எங்கள் மூவரையும்விடத் தெளிவாக.

கும்பகோணத்திலிருந்து:

எங்களுக்கு ஊர்ப் பெயரில் சிக்கல் வந்தது. வலங்கைமான், பாபநாசம் என்று தமிழில் ஏற்றினால் திரையில் வெறும் கேள்விக்குறிகள். ஃபான்ட் கோளாறு என்று நினைத்து ஒரு நாள் முழுக்க வீணாக்கினோம். லேபில் இருந்தது மைஎஸ்க்யூஎல் என்கிற டேட்டாபேஸ் மென்பொருளின் பழைய பதிப்பு. 8.0க்கு முந்தைய பதிப்புகளில், நாம் எதுவும் சொல்லாவிட்டால் லத்தீன்1 என்கிற எழுத்துச் சேமிப்பு முறையில்தான் டேபிள் உருவாகும். அதில் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது. டேபிளை, தமிழையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 முறைக்கு மாற்றி, பிஎச்பி கனெக்‌ஷனிலும் அதையே குறிப்பிட்ட பிறகுதான் தமிழ் தெரிந்தது. ஆனால் ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்தவை திரும்பி வராது. 150 பெயரையும் மறுபடி உட்கார்ந்து டைப் செய்தோம். இரண்டு பெயரை மட்டும் முதலில் ஏற்றிப் பார்த்திருந்தால் அந்த உழைப்பு மிச்சம்.

வேதாரண்யத்திலிருந்து:

2018 நவம்பர் 16 கஜா புயல் எங்கள் ஊரைக் கடந்தபோது நான் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன், லீவுக்கு வீட்டில் இருந்தேன். தென்னை, மின்கம்பம் எல்லாம் சாய்ந்து கிடந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. குழுவில் மற்ற இருவரும் திருச்சி ஹாஸ்டலில். எங்கள் கோடு (புரோகிராம்) கிட்டில், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் Git மென்பொருளில், இருந்தது பெரிய ஆறுதல். கமிட் செய்ய, அதாவது மாற்றத்தைப் பதிய, இன்டர்நெட் தேவையில்லை, முழு வரலாறும் நம் லேப்டாப்பிலேயே இருக்கும். பக்கத்துத் தெரு ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டு, தினம் ஒரு மணி நேரம் வேலை பார்த்துக் கமிட் செய்தேன். பஸ் ஓட ஆரம்பித்ததும், கிட் பண்டில் என்கிற வசதியில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக்கிப் பென் டிரைவில் திருச்சி போகிற சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். ஹாஸ்டலில் இருந்த இருவரும் அதிலிருந்தே புல் செய்து, என் மாற்றங்களைத் தங்கள் கோடோடு சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு இடத்தில்தான் கான்ஃப்ளிக்ட் (ஒரே வரியை இரு தரப்பும் மாற்றியது), இரண்டும் ஒரே ஃபைலில். ஜிப் போட்டு அனுப்பியிருந்தால் யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று தேடியே வாரம் ஓடியிருக்கும். துறையில் பத்து நாள் கூடுதலாகக் கொடுத்தார்கள், அதற்குள் ஒப்படைத்துவிட்டோம்.

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து:

அண்ணா, எங்கள் வீட்டிலும் கஜாவில் ஓடு முழுக்கப் போயிற்று, நீங்கள் சொல்வது அப்படியே புரிகிறது. அந்தப் பண்டில் கமாண்டையும் வரிசையாக இங்கே எழுதிவிடுங்கள். தம்பி இப்போது இரண்டாம் வருடம், ஐப்பசி மழைக்கு நடுவில்தான் அவர்களுக்கும் சப்மிஷன்.